மூன்று முறை கேட்டுப் பாருங்கள்

2025 மே மாதம் ரொறன்ரோவில் ‘கோ எதிர் லீ’ என்ற குடும்பச் சொத்து வழக்கை விசாரித்த நீதிபதி பிரெட் மையர்ஸ், ஒரு தரப்பின் எழுத்து வாதத்தில் மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்த தீர்ப்புகளைத் தேடினார். ஓர் இணைப்பு சம்பந்தமே இல்லாத வழக்குக்குப் போனது. இன்னொன்றைத் திறந்தால் அப்படி ஒரு பக்கமே இல்லை. ஒரு தீர்ப்பு உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது சொன்னது வாதத்துக்கு நேர் எதிர். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த வரைவு, மனிதக் கண்களைத் தாண்டி நீதிமன்றம் வரை வந்திருந்தது.

இத்தனைக்கும் 2024 டிசம்பர் 1 முதல் ஒன்ராறியோவில் ஒரு விதி இருக்கிறது. எழுத்து வாதத்தில் காட்டும் தீர்ப்புகள் எல்லாம் மெய்யானவை என்று வழக்கறிஞர் கையொப்பமிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் தீர்ப்பு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, நாம் சொல்வதை அது சொல்கிறதா என்பது வேறு கேள்வி.

வரைவைப் படித்தவர்களுக்கு ஏன் உறுத்தவில்லை? மனிதர் எழுதும்போது சந்தேகம் வந்த இடத்தில் வாக்கியம் தடுமாறும். பழகிய கண் அந்தத் தடுமாற்றத்தில்தான் நிற்கும். இயந்திரத்துக்கு அது கிடையாது. அடுத்து வரக்கூடிய சொற்துண்டு எது என்று கணித்துக் கணித்தே அது எழுதுகிறது. தெரிந்ததும் தெரியாததும் ஒரே வழவழப்பில் வெளிவருகின்றன. கனடியத் தீர்ப்புகளின் குறியீடு ஆண்டு, நீதிமன்றச் சுருக்கம், ஓர் எண் என்ற அச்சில் வார்த்தது. ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்ட அந்த அச்சை இயந்திரம் பிசகாமல் போலிசெய்யும். அதனால் ஒரு பக்கத்தில் மிகக் கச்சிதமாகத் தெரியும் வரியே பொய்யாக இருக்கலாம்.

2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ ஆய்வாளர் ஆடம் கலாயும் ஜார்ஜியா டெக் பேராசிரியர் சந்தோஷ் வெம்பலா உள்ளிட்ட சக ஆய்வாளர்களும், இப்படி எழுதும் மொழி மாதிரிகள் ஏன் இல்லாததை இட்டுக்கட்டுகின்றன என்று ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். எழுத்துப்பிழையின்றி எழுதுவதில் ஒழுங்கு உண்டு, கற்றுக்கொள்ளலாம். ஒருவரின் பிறந்தநாளில் எந்த ஒழுங்கும் இல்லை, பார்த்தால்தான் தெரியும். பயிற்சித் தரவில் இருக்கும் பிறந்தநாள்களில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு முறை மட்டும் வந்திருந்தால், பிறந்தநாள் கேள்விகளில் குறைந்தது அந்த அளவுக்காவது அடிப்படை மாதிரி தவறும் என்பது அவர்கள் கணக்கு. கலாயின் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பைப் பிரபலமான ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டார்கள். மூன்று வெவ்வேறு தலைப்புகள் வந்தன, மூன்றும் தவறு.

 

என்னை ஈர்ப்பது அந்த மூன்று தலைப்புகளும் வேறுவேறாக இருந்ததுதான். ஸ்காபரோவில் ஒரு கல்யாண மண்டபத்தில், மூலையில் இருப்பவர் யார் என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். தெரிந்தவர் என்றால் காலையில் கேட்டாலும் பந்தியில் கேட்டாலும் கொக்குவில் மாமாவின் மருமகன்தான். தெரியாதவர் என்றாலும் பெரியம்மா விட்டுக்கொடுக்க மாட்டார். முதலில் சித்தப்பாவின் சகலன், பிறகு மானிப்பாய் ஆள், தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் வேலைத் தோழர். மூன்று பதிலிலும் குரலின் உறுதி ஒன்றே. பதில் மட்டும் அலையும். இதையே ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் கணிதமாக்கினார்கள். ஒரே கேள்வியைப் பல முறை கேட்டு, பதில்களைச் சொல்லால் பிரிக்காமல் பொருளால் குழுவாக்கி, குழுக்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று அளந்தார்கள். சிதறல் கூடினால் கற்பனை என்று ஐயப்படலாம்.

பெரியம்மா முப்பது வருடமாகத் தவறாகவே நம்பிவரும் உறவு என்றால்? மூன்று முறையும் ஒரே பதில் வரும், சோதனை தோற்கும். தங்கையிடம் கேட்டும் பயனில்லை. இருவரும் ஒரே வீட்டுக் கதை கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு மாதிரியின் வரைவை இன்னொரு மாதிரியிடம் சரிபார்க்கக் கொடுப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். மூலையில் இருப்பவரிடமே போய்க் கேட்க வேண்டும்.

கற்பனையே கலக்காத கருவி என்று விற்பவர்களை நம்பிவிடாதீர்கள். லெக்சிஸ்நெக்சிஸ், ரொறன்ரோவைத் தலைமையகமாகக் கொண்ட தொம்சன் ராய்ட்டர்ஸ் ஆகிய நிறுவனங்களின் சட்ட ஆய்வுக் கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் குழு 2024இல் சோதித்தது. மூலத் தீர்ப்புகளைத் தேடியெடுத்துப் பதில் சொல்லும் அக்கருவிகளே 17 முதல் 33 விழுக்காடு கேள்விகளில் கற்பனை செய்தன.

நமக்கு இது கூடுதலாகக் கவலை தருகிறது. தமிழ்ச் சங்கம் ஒன்று நிதி விண்ணப்பம் தயாரிக்கிறது என்று வையுங்கள். கோயில் தொடங்கிய ஆண்டு, ஊர்ப் பள்ளி அதிபரின் பெயர், முதல் விழா நடந்த மண்டபம் எல்லாம் இணையத்தில் ஒரு முறை வந்திருந்தாலே அதிர்ஷ்டம். இயந்திரம் இட்டுக்கட்டும் என்று கலாய் குழுவின் பிறந்தநாள் கணக்கு காட்டுவது சரியாக இந்த வகைச் செய்திகளைத்தான்.

ஆகவே வரைவைக் குழுவுக்கு அனுப்பும் முன் அழகுபடுத்தாதீர்கள். அதே கேள்வியை மூன்று புதிய உரையாடல்களில் கொடுத்து, பெயர், ஆண்டு, தொகை, மேற்கோள் ஆகியவற்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலைகிறவற்றுக்குச் சிவப்பு அடியுங்கள். அலையாதவை சரி என்று அர்த்தமில்லை; அவற்றுக்கும் மூல ஆவணம், பக்க எண், அதில் உள்ள வாக்கியம் மூன்றும் ஓரத்தில் வர வேண்டும். இயந்திரம் எழுதியது எது, ஆள் எழுதியது எது என்று நிறத்தால் பிரியுங்கள். குழுவில் ஒருவருக்கு உரைநடையைக் காட்டவே வேண்டாம். பெயர், ஆண்டு, தொகை, மேற்கோள் பட்டியலையும் மூலங்களையும் மட்டும் கொடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.