கடன் தீர்ப்பதும் சேமிப்பதும்: வண்டூர்க் குடும்பத்திற்கு ஒரு கணக்கு

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது) தென்மேற்காகச் செல்லும் சாலை கடலில் முடிகிற இடம் வண்டூர். 1983ஆம் ஆண்டில் 15 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளையும் உள்ளடக்கி அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இதுவே. இங்குள்ள படகுத்துறையிலிருந்துதான் சுற்றுலாப் பயணிகள் ஜாலிபாய் தீவுக்குப் புறப்படுகின்றனர். மழைக்காலத்தில் ஜாலிபாய் மூடப்பட்டு, அதற்குப் பதிலாக ரெட்ஸ்கின் தீவு திறக்கப்படும். பயணிகளின் தொகையும் அப்போது குறைந்துவிடும்.

இவ்வூரின் குடும்ப வரவு செலவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே பெரும்பாலும் போதும். படகோட்டி, கடை வைத்திருப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், மீன் விற்பவர் என எவரை எடுத்துக்கொண்டாலும் நவம்பர் முதல் மே வரை கையில் காசு புழங்குகிறது. பின்னர் மழையோடு சேர்ந்து வரவும் ஒடுங்குகிறது. இயந்திரப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடையும் உண்டு. நிலத்தை நம்பியிருந்தவர்களுக்கு வேறொரு இழப்பு நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் தரைமட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வடிந்த பின்னரும் கரையோரத் தாழ்நிலங்களிலிருந்து உப்புநீர் வடியவில்லை. நெல் விளைந்த வயல்கள் பல ஓதம் ஏறி இறங்கும் நீர்ப்பரப்புகளாயின. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது சுற்றுலா வரவும் ஒரே நாளில் நின்றது. இத்தகைய ஊரில் கடன் இல்லாத குடும்பம் அரிது என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நாடு முழுவதற்குமான நிலையையும் சற்று நோக்குவோம். 1951-52இல் நடைபெற்ற அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, கிராம மக்களின் கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வட்டிக்குக் கொடுப்போரிடமிருந்தும், வெறும் 3 சதவீதமே கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தும் வந்ததைக் கண்டறிந்தது. 2019இல் தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் நடத்திய கணக்கெடுப்பின்படி, கிராமக் குடும்பங்களின் நிலுவைக் கடனில் 66 சதவீதம் வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்களைச் சேர்ந்தது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் எஞ்சிய 34 சதவீதம்தான் மழைக்காலத்து இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே கிடைக்கும் பணம். அதன் விலையும் அதற்கேற்ப மிகுதியாகவே இருக்கிறது.

கடன் உள்ள குடும்பம் சேமிக்கலாமா என்று கேட்டால், பொருளாதாரம் படித்தவர் தயங்காமல் விடை சொல்வார். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு ஆண்டுக்கு 4 சதவீத வட்டி தருகிறது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். எனவே கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் கடனுக்கே செலுத்துக என்பார். இக்கணக்கில் பிழையில்லை. ஆனால் இது மாதச் சம்பளம் பெறுவோருக்காக (இதை எழுதுபவனும் அவர்களுள் ஒருவன்தான்) எழுதப்பட்ட கணக்கு. முப்பதாம் தேதி பணம் வரும் என்னும் உறுதி உள்ளவருக்குத்தான் கையில் ஒன்றும் வைக்காமல் கடனைத் தீர்க்கும் துணிவு பொருந்தும்.

உதாரணத்திற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 30,000 ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. பருவகாலத்தின் ஆறு மாதங்களில் செலவு போக மாதம் 4,000 ரூபாய் மிஞ்சுகிறது. மற்ற ஆறு மாதங்களின் வரவு உணவுக்கும் வட்டிக்கும் சரியாகப் போய்விடுகிறது. மிச்சம் முழுவதையும் கடனுக்குச் செலுத்தினால் பருவ முடிவில் ஏறத்தாழ 9,950 ரூபாய் கடன் நிற்கும். சேமிப்பு ஏதும் இராது. மாறாக, மாதம் 3,200 ரூபாயைக் கடனுக்கும் 800 ரூபாயைச் சேமிப்புக்கும் பிரித்தால் 15,120 ரூபாய் கடனும் 4,800 ரூபாய் சேமிப்பும் இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டாம் வழியில் இக்குடும்பம் சுமார் 375 ரூபாய் அதிகமாக இழந்திருக்கிறது. மழைக்காலத்தில் கூடுதலாக நிற்கும் கடனுக்கு மாதம் 155 ரூபாய் வட்டியும் சேர்கிறது. சேமிப்புக்குக் கிடைக்கும் சிறு வட்டியைக் கழித்துவிட்டால், ஓராண்டில் இதற்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 1,170 ரூபாய்.

இந்த 1,170 ரூபாய்க்கு அக்குடும்பம் எதை வாங்குகிறது? ஜூன் மாதத்தில் படகு எஞ்சின் பழுதாகிறது, அல்லது மருத்துவமனைச் செலவு வருகிறது. 5,000 ரூபாய் உடனே தேவை என்று கொள்வோம். முதல் வழியில் சென்ற குடும்பத்தின் கையில் எதுவுமில்லை. அவசரத்தை அறிந்து கொடுப்பவர் நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் கேட்பார். பருவம் திரும்பும் வரை ஐந்து மாதங்களுக்கு வட்டி மட்டும் 2,500 ரூபாய். சேமித்த குடும்பத்திற்கோ 200 ரூபாய்தான் குறை. ஆகவே இத்தகைய அவசரம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் வருமானால் சேமித்தது நட்டமில்லை. தீவு வாழ்க்கையை அறிந்தவர்கள் அது அதைவிட அடிக்கடி வரும் என்றே சொல்வர்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மேற்கண்ட முடிவு முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சார்ந்திருக்கிறது: திருப்பிக் கட்டிய பணத்தை, தேவைப்படும்போது அதே வட்டிக்கு மீண்டும் பெற முடியுமா? முடியும் என்றால், தனியே சேமிக்க வேண்டியதே இல்லை. கடனைக் குறைப்பதே சேமிப்பாகிவிடும். கிசான் கடன் அட்டை அத்தகையது. 1998இல் உழவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம் பின்னர் மீனவர்களுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. 7 சதவீத வட்டியில், தவணை தவறாதவர்களுக்கு 3 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கப்பட்டு 4 சதவீதமே நிற்கிறது. வரம்புக்குள் பணம் கட்டலாம். கட்டியதை மீண்டும் எடுக்கலாம். அட்டை வைத்திருப்பவர் பருவத்தில் மிஞ்சிய பணத்தை அதில் செலுத்தி வைப்பதே அறிவுடைமை. ஆனால் தனியாரிடம் வாங்கிய கடன் அவ்வாறில்லை. அங்கே கட்டிய பணம் கட்டியதுதான். அடுத்த முறை கதவு திறக்குமா, எந்த வட்டிக்குத் திறக்கும் என்பது கொடுப்பவரின் விருப்பம்.

எல்லாக் கடன்களையும் ஒன்றாகப் பார்ப்பதும் தவறு. மளிகைக் கடைப் பற்றுக்கு வட்டி இல்லை; ஆனால் வேறு கடையில் வாங்கும் உரிமை போய்விடுகிறது, விலை பேசவும் வாய் எழாது. வங்கியில் அடகு வைத்த நகைக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயோ அதற்கும் குறைவாகவோதான் வட்டி. ஆதலால் அதை மீட்க அவசரப்பட்டு, நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக் கடனை அப்படியே விட்டுவைப்பது பொருந்தாது. எனினும் பல குடும்பங்களில் நகைதான் முதலில் மீட்கப்படுகிறது. திருமண வீட்டில் வெறுங்கழுத்தோடு நிற்க எவரும் விரும்பார் என்பது பொருளாதார நூல்களில் இல்லாவிடினும் உண்மையே.

தமிழ் மக்கள் நன்கறிந்த தண்டலின் கணக்கைப் பார்ப்போம். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி 9,000 ரூபாய் கையில் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கடன்பட்டவர் கையில் சராசரியாக இருக்கும் தொகை சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாட்களில் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 80 சதவீத வட்டி. கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி ஆகியவற்றின் கொடுமை இதனினும் பெரிது. அவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

தண்டலில் ஒரு பாடமும் அடங்கியிருக்கிறது. நூறு நாட்களும் தவறாமல் நூறு ரூபாய் எடுத்து வைத்த குடும்பத்திற்குச் சேமிக்கும் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. ஆற்றல் உண்டு, அதை வாங்கிப் பத்திரப்படுத்த வாசலுக்கு வருபவர்தான் இல்லை. ஸ்டூவர்ட் ரூதர்போர்டு என்னும் ஆய்வாளர் விஜயவாடாவின் குடிசைப் பகுதியில் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் வீடு வீடாகச் சென்று நாள்தோறும் 5 ரூபாய் போன்ற சிறு தொகைகளைப் பெறுவார். 220 நாட்களில் 1,100 ரூபாய் சேர்ந்ததும் 100 ரூபாயைத் தம் கூலியாகக் கழித்துக்கொண்டு 1,000 ரூபாயைத் திருப்பித் தருவார். சேமிப்பவரே ஆண்டுக்கு 30 சதவீதம் வட்டி கொடுப்பதற்கு இது ஒப்பாகும்! ஆயினும் அப்பெண்கள் மகிழ்ச்சியோடு கொடுத்தனர். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைத்ததே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது.

இப்பணியைக் குறைந்த செலவில் செய்ய முற்பட்டவைதான் சுயஉதவிக் குழுக்கள். முதலில் சேமிப்பு, பின்னர் கடன் என்னும் வரிசை அவற்றின் அடிப்படை. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1990இல் மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்ற பெயரில் பெண்கள் குழுக்கள் உருவாயின. அவ்வியக்கத்தின் தலைவியருள் ஒருவரான புல்லிச்சேரி சின்னப்பிள்ளை எழுதப் படிக்க அறியாத விவசாயக் கூலித் தொழிலாளி. வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து பெண்களை விடுவித்த பணிக்காக அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது வழங்கப்பட்டது. 2001 ஜனவரியில் நடந்த அவ்விழாவில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. விழாவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அக்குழுக்கள் செய்த கணக்கைச் சிலரே கவனித்தனர். உறுப்பினரின் வட்டிக் கடனைக் குழுவின் பணத்தால் அடைத்துவிட்டு, அதே தவணையைக் குழுவுக்குக் கட்டச் செய்வதே அந்தக் கணக்கு. உறுப்பினர் கட்டும் வட்டி குழுவின் நிதியாகிறது. தேவைப்பட்டால் அதே வட்டிக்கு மீண்டும் கடன் கிடைக்கிறது. முன்னர் நாம் எழுப்பிய கேள்விக்கு இங்கே 'முடியும்' என்பதே விடை. வண்டூர் போன்ற இடத்தில் அத்தகைய குழு, வாரத் தவணைக்குப் பதிலாகப் பருவத்தில் கூடுதலாகவும் மழைக்காலத்தில் பெயரளவிலும் கட்டும் முறையை வகுத்துக்கொண்டால் நன்று. எல்லா மாதமும் ஒரே தொகை என்னும் விதிதான் தீவுகளில் குழுக்களை உடைக்கும்.

ஏலச் சீட்டைப் பற்றியும் ஒரு சொல். கடனும் சேமிப்பும் ஒன்றாகவே நடக்கும் இம்முறையில் முதலில் எடுப்பவர் கடனாளி. கடைசியில் எடுப்பவர் சேமிப்பாளர். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட சீட்டாயின் கவலை குறைவு. பதிவில்லாத சீட்டில், பழைய கடனை அடைப்பதற்கென்றே தொடக்கத்தில் தள்ளி எடுப்பவர், ஒரு வட்டியைத் தீர்த்து மற்றொன்றில் விழுகிறார்.

எனவே நம் உதாரணக் குடும்பம் செய்யத்தக்கது இது: முதல் பருவத்தில் ஓர் அவசரத்திற்குப் போதுமான 5,000 ரூபாய் அளவில் சேமிப்பு சேர்ந்ததும் அதோடு நிறுத்திக்கொண்டு, பிறகு மிச்சம் முழுவதையும் வட்டி அதிகமான கடனுக்கே திருப்ப வேண்டும். மேற்கூறிய கணக்கின்படி, இரண்டாம் பருவத்தின் ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் கடன் முடிந்துவிடும். அப்போது தவணைப் பழக்கத்தை விட்டுவிடாமல் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு மாற்றலாம். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்தாண்டுகளில் முதிர்வடையும், 12 தவணைகள் கட்டிய பின் வைப்பில் பாதியளவு கடனாகவும் பெறலாம். நான்கு தவணைகளுக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுவிடுமே என்று மழைக்காலத்தை நினைத்து அஞ்ச வேண்டுவதில்லை. ஆறு மாதத் தவணையை முன்கூட்டியே செலுத்த விதிகளில் இடமுண்டு. அதற்குச் சிறு தள்ளுபடியும் தருகிறார்கள். மே மாத இறுதியில், கடைசிச் சுற்றுலாப் பயணிகள் திரும்பும் வாரத்தில் அதைச் செலுத்திவிடலாம். மெயின்லேண்டில் நிகழும் கல்யாணத்திற்கோ சாவுக்கோ குடும்பத்தோடு மூன்று நாள் கப்பல் பயணம் செல்ல வேண்டிய செலவை மட்டும் இந்த ஐயாயிரம் ரூபாய் தாங்காது. அதற்கென்று கடன் முடிந்த ஆண்டிலேயே தனிக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும்.