உங்களுக்குத் தெரியுமா? வயிற்றுக்குள் ஒரு கண்

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்கு வயிற்றுவலியோடு வந்தவர்களில் பேர்போனவர் அப்பர். 7-ஆம் நூற்றாண்டு. திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்தில் தருமசேனராக இருந்தவரைச் சூலை நோய் பிடித்தது. மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. இரவோடு இரவாக அக்கா திலகவதியாரிடம் வந்து திருநீறு வாங்கிப் பூசி, வீரட்டானேசுவரர் முன் அவர் பாடிய முதல் பதிகமே அந்த வலியைப் பற்றியதுதான் என்கிறது பெரியபுராணம். அது அல்சரா, கணையக் கல்லா என்று இன்று ஆராய்வது வீண் வேலை. உள்ளே எட்டிப் பார்க்க அன்று வழியே இல்லை.

★

வழி பிறந்தது கத்தி விழுங்கும் வித்தைக்காரரின் தொண்டையில்! 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால், வளையாத நீளக் குழாயை அவருக்குள் இறக்கினார். குழாய் போய்விட்டது, வெளிச்சம்தான் போதவில்லை.

★

குழாய் வளைந்ததில் ஒரு பஞ்சாபிக்கும் பங்குண்டு. மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் இயற்பியலாளர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டினார் (1954). அதைப் பற்றிப் படித்த மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், 1957-இல் வளையும் எண்டோஸ்கோப்பைத் தன் தொண்டைக்குள்ளேயே முதலில் விட்டுப் பார்த்தார்.

★

அல்சருக்குக் காரத்தைத் திட்டுவது நம் வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அல்லது அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை. 1984-இல் மருத்துவர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தே பார்த்தார். சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி. 2005-இல் நோபல்.

★

பார்ப்பதோடு முடியவில்லை. அதே குழாய் வழியே ரத்தக் கசிவை அடைக்கலாம். பெருங்குடலில் முளைத்த பாலிப்பைக் கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்தெடுக்கலாம். பித்தநாளத்தில் சிக்கிய கல்லை வெளியேற்றலாம். பித்தப்பைக் கல் வேறு. அதற்குப் பொதுவாக லேப்ராஸ்கோப்பிதான்.

★

ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். தானே வெளியே வரும் என்று காத்திருக்காதீர்கள். எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள்.

★

தார் போல் கறுத்த மலம், விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் குறையும் எடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 'கேஸ்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.