கழுத்தில் ஒரு துணிப்பட்டை

கிங்கை ஏன் சுட்டார்கள் என்று கேட்டான் ஒரு சிறுவன்.

நாள், 1968 ஏப்ரல் 5. முதல்நாள் மாலைதான் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் குண்டுக்கு இரையானார். கேட்ட இடம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்னும் சிற்றூர். ஆயிரம் பேர்கூட இல்லாத வெள்ளையர் ஊர். கேட்கப்பட்டவர், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட்.

என்ன சொல்வது, தோழர்களே, அந்தப் பிஞ்சுகளிடம்? யாவரும் சமம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பத்துமுறை எழுதிவரச் சொல்வதா? எழுதுவார்கள். மணி அடிக்கும். மறப்பார்கள்!

எலியட் சொல்லவில்லை, நடத்தினார். கண்ணின் நிறத்தைக் கொண்டு வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒருநாள் இவர்கள் உயர்ந்தோர், அவர்கள் தாழ்ந்தோர். அடுத்த நாள் தலைகீழ்.

1970இல் வேறொரு வகுப்பில் இதையே அவர் மீண்டும் நடத்தியபோது தொலைக்காட்சியினர் படமெடுத்தனர். அதில் முதல்நாள் இறக்கம் பழுப்புக் கண்ணினருக்கு. தொலைவிலேயே அடையாளம் தெரிய, கழுத்திலே துணிப்பட்டை. நீலக் கண்ணினருக்கு விளையாட 5 நிமிடம் கூடுதல். குடிநீர்க் குழாயில் பழுப்புக் கண்ணினர் குடிக்கக் கூடாது. அவர்களுக்குக் காகிதக் குவளை. தனிக் குவளை! இதற்குப் பொருள் நமக்கா சொல்ல வேண்டும்?

அன்பாகப் பழகிய குழந்தைகள் 15 நிமிடத்தில் கொடியவர்களானதைக் கண்டேன் என்று ஆசிரியையே பின்னாளில் சொன்னார். விளையாட்டுத் திடலில் அடிதடி. காரணம்? ஒருவன் மற்றவனைப் 'பழுப்புக் கண்ணா' என்றானாம். நேற்றும் அவன் கண் அதே நிறந்தான். நேற்று அது கண். இன்று அது வசை!

இன்னொன்று கேளுங்கள். எழுத்தொலி அட்டைகளைப் படித்து முடிக்கப் பட்டை அணிந்த அன்று பழுப்புக் கண்ணினருக்கு ஐந்தரை நிமிடம் ஆயிற்று. பட்டை கழன்ற மறுநாள், அதே பிள்ளைகளுக்கு இரண்டரை நிமிடம். மூளை ஓரிரவில் வளர்ந்ததா? இல்லை. மட்டம் என்று சொன்ன வாய் மாறிற்று, அவ்வளவே. 'படிப்பு ஏறாதவன்' என்று எந்தப் பிள்ளையையாவது சொல்லுமுன் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

வெள்ளைக் குழந்தைகளை இப்படி வதைக்கலாமா, கறுப்புப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போனது, இவர்கள் தாங்குவார்களா என்று சீறிக் கடிதம் வந்தது அந்த அம்மையாருக்கு. பழகிப்போனதாம்! இரண்டு நாள் பட்டைக்குப் பதறிய உள்ளம், வாழ்நாள் பட்டைக்குப் பதறவில்லை.

ஆனாலும் எனக்கொரு வழக்கு உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இது நாடகம் என்று தெரியாது. நம்பிய ஆசிரியையே பொய் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளை நம்பிற்று. பயன் பெரிதுதான், ஆயினும் அந்த வலி சிறிதல்ல. அதை அப்படியே எடுத்து நம் வகுப்பறையில் நடத்துங்கள் என்று நான் எழுதமாட்டேன். நாடகம் என்று முதலிலேயே சொல்லட்டும். வேடத்தை அன்றைக்கே மாற்றட்டும். முடிந்தபின் உட்கார்ந்து பேசட்டும். வேடத்தைவிட அந்தப் பேச்சுக்கே நேரம் அதிகம் வேண்டும். எல்லாவற்றையும்விட, வீதியிலே உண்மையாகவே இழிவு சுமக்கும் குழந்தைக்கு இழிந்தவன் வேடம் கொடுத்துவிடக் கூடாது. அவனுக்கு அந்தப் பாடம் மனப்பாடம். படிக்க வேண்டியவன் அடுத்த பெஞ்சுக்காரன்!

எலியட் அந்தப் பேச்சை விடவில்லை. இரண்டாம் நாள் முடிவில் எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டார், எப்படி இருந்தது என்று. பட்டைகளை என்ன செய்யலாம் என்றார். குப்பையிலே எறிந்தார்கள் குழந்தைகள்.

1984இல் அவர்களுள் 11 பேர், வளர்ந்து ஆளானவர்களாக, அந்த ஊருக்குத் திரும்பிவந்து பழைய படத்தைப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னார்: யாராவது பிறரை இழிவாகப் பேசும்போதெல்லாம், அந்தப் பட்டை இப்போது என் பையில் இருந்தால் எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிடலாமே என்று தோன்றுகிறதாம்.