பாலத்தை மாத்துங்க... மீனுக்கும் வழி விடுங்க!

ஓமந்தூர்:
பாலத்தின் மேலே போவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அடியில் போவது யார்? மீன்கள்!

திண்டிவனம் அருகே உள்ள ஓமந்தூர், நாடு விடுதலை அடைந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராமசாமி ரெட்டியாரின் சொந்த ஊர். சுற்றிலும் ஏரிப் பாசனம். புது வெள்ளம் வந்தால் கெண்டை, கெளுத்தி மீன்கள் ஓடையை எதிர்த்து ஏறி, மேலே போய் முட்டை போடும். "மீன் ஏறுதுடா!" என்று பையன்கள் கூடையோடு ஓடுவார்கள்.

51 செ.மீ. மழை

2024 பெஞ்சல் புயலில், பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டி மீட்டர் மழை கொட்டியது. இந்த மாதிரி வெள்ளத்தைப் பழைய குழாய்ப் பாலங்கள் தாங்காது. மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் மறுபடியும் குறுகலான குழாயையே போட்டால்? தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். வெளிவாயில் மண் அரித்துப் பள்ளம் விழும். குழாய் அந்தரத்தில் நிற்கும். மீன் எம்பி எம்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி விடும். மேலே உள்ள ஏரிக்கு மீன் வரத்து 'கட்'!

வழி என்ன?

ஓடையின் அகலத்துக்குப் பெட்டிப் பாலம் கட்டி, அதன் தளத்தை ஓடைத் தரைக்குக் கீழே இறக்க வேண்டும். தளத்தின் மேல் மணல் படியும். வெள்ளமும் வடியும், மீனும் ஏறும். கோடையில் ஓடை காய்ந்திருக்கும்போதே வேலையை முடித்து விடலாம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பழங்குடி மக்கள், சாலைப் பாலங்கள் சால்மன் மீனை மறிக்கின்றன என்று 2001-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் ஜெயித்தார்கள்.

இங்கே டெண்டரிலேயே இதை எழுதி விட்டால், கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியதில்லை!