உங்களுக்குத் தெரியுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை மறதியாக இரண்டிலேயே முடித்துவிட்டார்கள்!

● தொழுகை முடிந்ததும் பள்ளியில் கிடந்த மரக்கட்டையில் சாய்ந்து நின்றார்கள். அபூபக்ரும் உமரும் அங்கேதான் இருந்தார்கள், கேட்கத் தயங்கினார்கள். கேட்டவர் துல்யதைன் என்ற தோழர்: தொழுகை சுருக்கப்பட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று. நபியவர்கள் மற்றவர்களிடம் விசாரித்துவிட்டு, மீதி இரண்டையும் தொழுது, மறதிக்காக இரண்டு ஸஜ்தா கூடுதலாகச் செய்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி உண்டு.

● இமாம் தவறினால் பின்னால் நிற்கும் ஆண்கள் 'சுப்ஹானல்லாஹ்' என்பார்கள்; பெண்கள் கைதட்டி உணர்த்துவார்கள்.

● தொழுதது மூன்று ரக்அத்தா, நான்கா என்று சந்தேகமா? ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு மீதியைத் தொழ வேண்டும்.

● மறதிக்கான ஸஜ்தாவை ஷாஃபிஈகள் ஸலாமுக்கு முன் செய்வார்கள். ஹனஃபிகள் வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்த பின். தமிழகத்தில் இரு சாராரும் உண்டு. வெளியூர்ப் பள்ளியில் தொழுபவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் திகைக்க வேண்டியதில்லை.

● இமாமைப் பின்பற்றி நிற்கையில் உங்களுக்கு மட்டும் ஏற்பட்ட சிறு மறதிக்குத் தனி ஸஜ்தா இல்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.