பழைய இராணுவ லாரி: காப்பதும் மெய் காண்பதும்

குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் வழியில் வெலிங்டன் உள்ளது. மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன. அவ்வழியே சென்றவர்கள், பச்சை வண்ண இராணுவ லாரிகள் மூச்சு வாங்காமல் மேடேறுவதைக் கண்டிருப்பீர்கள். இந்த லாரிகளுக்கும் மூப்பு உண்டு. படையில் உழைத்துத் தேய்ந்தபின் அவை ஏலத்திற்கு வருகின்றன. பெரும்பாலானவை பழைய இரும்பாகின்றன. சில மரமும் சரக்கும் ஏற்றப் போகின்றன. மிகச் சில மட்டுமே பழம்பொருளாகப் போற்றிக் காக்கப்படுகின்றன.

அப்படியொரு லாரி உங்கள் கைக்கு வந்தால் இரண்டு கேள்விகள் எழும். இதைப் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி? விற்றவர் சொன்ன வண்டிதானா இது? வெப்பமும் அழுத்தமும் ஈரமும் உலோகத்தை என்ன செய்கின்றன என்று அறிந்தால் இரண்டிற்கும் விடை கிடைக்கும். ஆனால் இவ்விரண்டும் சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதும். வண்டியைப் புத்தம் புதிதாக்க முனைபவர், அது எந்த வண்டி என்பதற்கான சான்றையே அழித்துவிடக் கூடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இரு தலைமுறை லாரிகள்

இரண்டாம் உலகப் போரின்போது கனடா நாட்டில் ஃபோர்டு, செவ்ரோலே ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே பொது அமைப்பில் இராணுவ லாரிகளைச் செய்தன. அவ்வகையில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. இந்தியாவிலும் அவை ஓடின; போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்டு, தனியார் கைகளுக்கு வந்தன. எஃப்-60, சி-60 என்னும் பெயர்களில் முதல் எழுத்து நிறுவனத்தையும், எண் சுமைத் திறனையும் குறிக்கும். 60 என்றால் 60 ஹண்டிரட்வெயிட், அதாவது 3 டன்.

அடுத்த தலைமுறை 'சக்திமான்'. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமம் பெற்று, ஜபல்பூரில் 1959 முதல் இது செய்யப்பட்டது. ருடால்ஃப் டீசல் தம் முதல் எஞ்சினை உருவாக்கியது இந்நிறுவனத்தின் முன்னோடியான ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில்தான். சக்திமானுக்குப் பின் அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' படையில் இடம் பெற்றது.

உதகையின் காற்று

உதகை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, நீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 92.5 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. உதகையில் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். ரேடியேட்டரின் மூடி தேய்ந்து, அழுத்தத்தைத் தாங்காமற் போனால், சமவெளியில் சூடு மட்டும் காட்டிய வண்டி மலையில் கொதித்து வழியும். நல்ல மூடி அரை வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்குமானால், கொதிநிலை 106 டிகிரி வரை உயரும். எனவே, அந்த வண்டிக்குரிய அளவுள்ள மூடிதானா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டர் காற்றின் நிறையை அறியாது. அது உண்டாக்கும் உறிஞ்சல் அடர்த்தியைப் பொறுத்தது. பெட்ரோல் அளவோ அந்த உறிஞ்சலின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. கணக்கிட்டால், கலவையில் பெட்ரோலின் விகிதம் சுமார் 12 சதவீதம் மிகுந்துவிடும். பிளக்கில் கரி படியும், எரிபொருள் வீணாகும். டீசல் எஞ்சினில் இதே குறை கரும்புகையாக வெளிப்படும். எரிக்கக் காற்று இல்லாத டீசலைச் செலுத்துவதால் வலு கூடாது. பம்பைத் திருகிவிடுவதால் மலையேற முடியாது.

எம்.ஏ.என். நிறுவனம் 1950-களில் புகுத்திய 'எம்' முறையில், பிஸ்டனின் தலையில் ஓர் உருண்டைக் குழி இருக்கும். டீசல் அக்குழியின் சுவரில் படலமாகப் படிந்து, சிறிது சிறிதாக ஆவியாகி எரியும். அதனால் எஞ்சின் தட்டலின்றி ஓடும். இவ்வகை எஞ்சினில், அளவு பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் நாசிலை மாட்டினால், பீச்சல் சுவரில் விழாது; ஓசையும் புகையும் மிஞ்சும்.

இறக்கத்தில் ஒரு கணக்கு

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்திற்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,500 மீட்டர். சரக்குடன் 8,000 கிலோகிராம் உள்ள லாரி இறங்கும்போது எவ்வளவு ஆற்றலை விட வேண்டும்? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 11.8 கோடி ஜூல் வரும். 20 டிகிரியில் உள்ள 350 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க இது போதும்!

இவ்வளவும் பிரேக்கிலேயே சேர்வதாக எண்ணிப் பாருங்கள். நான்கு டிரம்களும் சேர்ந்து 160 கிலோகிராம் இரும்பு என்போம். காற்று குளிர்விக்காவிட்டால் வெப்பநிலை 1,500 டிகிரிக்கும் மேல் போக வேண்டும். வார்ப்பிரும்பு அதற்கு முன்பே உருகிவிடும். உண்மையில் காற்றுத் தடையும் சக்கர உராய்வும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. டிரம்மும் காற்றில் ஆறுகிறது. ஆயினும் மீதியை எஞ்சின்தான் ஏற்க வேண்டும். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வெறும் வழக்கமன்று. ஆற்றல் அழியாமை விதி.

பிரேக் திரவம் உள்ள வண்டிகளில் மற்றொரு ஆபத்து உண்டு. கிளைக்கால் வகைத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' தரத்தில் புதிய திரவத்தின் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையாது; ஈரம் ஏறியபின் 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கக் கூடியது. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. மழையும் பனிமூட்டமும் மிகுந்த குன்னூரில் நிற்கும் வண்டிக்குத் திரவத்தைக் காலந்தவறாமல் மாற்றுவது உயிர் காக்கும் செயல்.

கொண்டை ஊசி வளைவும் முன் அச்சும்

நான்கு சக்கரங்களும் உந்துவதே இராணுவ லாரியின் பெருமை. ஆனால் இவ்வகை வண்டிகள் பலவற்றில், முன் அச்சை இணைத்தால் முன் பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படும். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சுகளின் இடைவெளி 4 மீட்டர், பின் அச்சு செல்லும் வட்டத்தின் ஆரம் 8 மீட்டர் எனில், பிதாகரஸ் தேற்றப்படி முன் அச்சின் ஆரம் 8.9 மீட்டருக்குச் சற்று மேல். அரை வட்டம் திரும்புவதற்குள் முன் சக்கரங்கள் ஏறக்குறைய 3 மீட்டர் அதிகம் உருள வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி இவ்வேறுபாட்டைத் தீர்த்துவிடும். உலர்ந்த தார்ச்சாலையிலோ தண்டுகள் முறுகும், பற்கள் உடையும். ஆகவே முன் அச்சைச் சேற்றிற்கும் ஈரப் புல்லுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை

போர்க்கால லாரிகளின் சக்கரங்கள் பல, இரு தட்டுகளைச் சுற்றிலும் போல்ட்டு வைத்துப் பிணைத்தவை. டயரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தம் இருந்தால், ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்பில் 3 டன் விசை இயங்கும். லாரிச் சக்கரத்தின் பக்கப் பரப்போ அதனினும் பெரிது. காற்றை முழுவதும் இறக்காமல் இந்த நட்டுகளைக் கழற்றினால், தட்டு குண்டுபோல் பாயும். சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டு எது, தட்டுகளைப் பிணைக்கும் நட்டு எது என்று அறியாதவர் சாவியைத் தொடலாகாது.

உலோகம் சொல்லும் சாட்சி

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெயர்ப் பலகையையும் புதிய வண்ணத்தையும் நம்பி முடிவு செய்யாதீர்கள். இராணுவ எண்ணில் மேல்நோக்கிய அம்பும், அதனையடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஆனால் அது படையில் சேர்ந்த ஆண்டே தவிரப் பிறந்த ஆண்டு அன்று. மேலும், தூரிகை உள்ள எவரும் அதை எழுதிவிடலாம். எளிதில் மாற்ற முடியாதவற்றைப் பாருங்கள்.

வடிவம்: கனடா லாரிகளில் 1941 இறுதிமுதல் வந்த 13-ஆம் எண் கேபினில், முன்கண்ணாடியின் மேல் விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சூரிய ஒளி விமானத்தை நோக்கிப் பிரதிபலிக்காமல் கீழே செல்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1940-ஆம் ஆண்டு வண்டி என்று சொல்லப்படுவதில் இக்கேபின் இருந்தால், கேபின் பின்னர் மாறியதாகவோ ஆண்டு தவறாகவோ இருக்க வேண்டும்.

மரை: போல்ட்டின் மரைகளுக்கு இடையிலுள்ள கோணமும் நெருக்கமும் நாட்டைச் சொல்லும். பிரிட்டனின் விட்வர்த் மரைக்கு 55 டிகிரி. அமெரிக்க மரைக்கு 60 டிகிரி, நெருக்கம் அங்குலக் கணக்கு. ஜெர்மானிய முறையில் வந்த சக்திமானுக்கு மில்லிமீட்டர் கணக்கு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் பொது மரையை ஏற்றது 1948-இல்தான்.

வார்ப்பு: எஞ்சின் உடலில் வார்ப்பு எண்ணும், சிலவற்றில் வார்த்த தேதியும் புடைத்து நிற்கும். வண்டியின் வயதைவிட எஞ்சின் இளையதானால் அது பின்னர் மாற்றப்பட்டது.

வண்ணம்: மறைவான ஓரிடத்தில் காசளவு பரப்பை நுண்ணிய தாளால் நீர் விட்டுத் தேய்த்தால், வெங்காயத்தை நறுக்கியதுபோல் வண்ண வளையங்கள் தெரியும். மரத்தின் ஆண்டு வளையம் போல் அவை வண்டியின் வரலாறு. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். உலர வைத்துத் தேய்த்து அத்தூளை மூச்சில் ஏற்றாதீர்கள்.

பொறித்த எண்: சேசிஸில் எண்ணை அடித்துப் பொறிக்கும்போது, குழிக்குக் கீழேயுள்ள உலோகப் படிகங்களும் நசுங்குகின்றன. ஒருவர் எண்ணை அரத்தால் தேய்த்து நீக்கினாலும், நசுங்கிய அடுக்கு சிறிது ஆழம்வரை எஞ்சியிருக்கும். தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசல் அப்பகுதியை வேறு வேகத்தில் அரிப்பதால், அழிந்த எண் மங்கலாகத் தோன்றும். தடய அறிவியல் ஆய்வகங்கள் இம்முறையைக் கையாளுகின்றன. ஆனால் அந்த இடத்தில் ஒரு முறை பற்றவைப்புச் சுடர் பட்டால் படிகங்கள் புதிதாக அமைந்துவிடும், சாட்சி போய்விடும்.

இவற்றுள் எதுவும் தனியே முடிவன்று. ஒரே அளவைப் பல முறைகளில் அளந்து ஒப்பிடுவது போல, ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒரே ஆண்டைக் காட்டினால் நம்பலாம்.

அசல் என்பது என்ன?

படைப் பணிமனைகள் எஞ்சினையும் கியர் பெட்டியையும் மாற்றியே லாரிகளை ஓட வைத்தன. 1943-இல் தனிப் பிரிவாக அமைந்த மின்–இயந்திரப் பொறியியல் படைப்பிரிவின் வேலையே இது. எனவே, படையில் மாற்றிய உறுப்பு வண்டியின் வரலாறு. விற்பனைக்காக மாற்றி மறைத்ததே போலி. நீலகிரி மலை இரயிலையே பாருங்கள். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த அதன் 'எக்ஸ்' வகை எஞ்சின்களைப் போன்றவை இந்நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் செய்யப்பட்டன. அவற்றை எவரும் போலி என்பதில்லை. ஏனெனில் எங்கே, எப்போது செய்தது என்பதை எவரும் மறைக்கவில்லை.

2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதி வகுத்தது. 50 ஆண்டு கடந்து, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரு சக்கர வண்டிகளுக்கும் கார் வகைக்குமே அவ்விதி. சரக்கு லாரி அதில் அடங்காது. ஆகவே லாரிக்குச் சான்று காக்கும் பொறுப்பு முழுவதும் உடையவரிடமே இருக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. கழற்றுமுன் நிழற்படம் எடுங்கள். எண்ணுள்ள இடங்களில் அரமோ மணல் பீச்சோ படவேண்டாம். மெல்லிய எண்ணெய் போதும். மலையின் குளிர் இரவில் தொட்டியின் வெற்றிடத்தில் ஈரம் படியும். எனவே டீசல் தொட்டியை நிரப்பி நிறுத்துங்கள். பிரேக், டயர், குழாய் ஆகியவற்றில் பழமை பாராட்டாமல் புதியவற்றை மாட்டுங்கள். அங்கே உயிரே முதன்மை. கழற்றிய உறுப்பை எறியாமல் தேதியிட்ட சீட்டுக் கட்டி வையுங்கள். மாற்றியதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நாளை அந்த லாரியை வாங்குபவர் உங்கள் சொல்லை நம்ப வேண்டியதில்லை. குறிப்பேட்டையும் இரும்பையும் ஒப்பிட்டு அவரே மெய் காணலாம்.