வேட உடைப் பரிமாற்றம்

வேட உடைப் பரிமாற்றம் என்பது ஒரு பகுதியில் வாழ்வோர் தமக்கு இனிப் பயன்படாத வேட உடைகளை ஓரிடத்தில் கொடுத்து, பிறர் கொணர்ந்த உடைகளைப் பணமின்றி எடுத்துச் செல்லும் ஏற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில், அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீனை ஒட்டி இது நடத்தப்படுகிறது. அன்று மாலை சிறுவர்கள் பேய், சூனியக்காரி, திரைப்பட நாயகர் எனப் பல வேடங்கள் புனைந்து, வீடு வீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைபெறும் மாறுவேடப் போட்டிக்கு உடையை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் உண்டு. ஹாலோவீன் உடைகளோ மலிவாகக் கிடைப்பதால், பெரும்பாலும் புதிதாகவே வாங்கப்படுகின்றன.

பின்னணி

அன்றாட உடை நைந்த பின்னரோ, அலுத்துப்போன பின்னரோ கழிக்கப்படுகிறது. வேட உடையின் நிலை வேறு. அது ஒரு மாலைப்பொழுது மட்டுமே அணியப்படுகிறது. மறு ஆண்டில் குழந்தை வளர்ந்திருக்கும், அல்லது வேறொரு வேடத்தை விரும்பும். எனவே துணி ஏறக்குறையப் புதிதாக இருக்கும்போதே உடையின் பயன் முடிந்துவிடுகிறது.

பிரித்தானியாவின் ஹப்பப், ஃபேரிலேண்ட் டிரஸ்ட் ஆகிய தொண்டு அமைப்புகள் 2019-இல் 19 விற்பனையாளர்களின் 324 உடைகளை ஆராய்ந்தன. அவற்றில் பயன்பட்ட பொருட்களில் 83 விழுக்காடு பாறை எண்ணெயிலிருந்து பெறப்படும் நெகிழி எனக் கண்டறியப்பட்டது. அதில் பெரும்பகுதி பாலியெஸ்டர் ஆகும். இவ்வுடைகளை மறுசுழற்சி செய்வதும் எளிதன்று. பாலியெஸ்டர் துணியோடு வலைத்துணி, பஞ்சு நுரை, மினுக்குப் பூச்சு, பசையால் ஒட்டிய அணிகள் ஆகியன ஒரே உடையில் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் துணியின் மதிப்பை விட மிகுதி. பொதுவான துணிக்கழிவின் நிலையும் இதுவே: ஐக்கிய அமெரிக்காவில் 2018-இல் சேர்ந்த சுமார் 1 கோடியே 70 இலட்சம் அமெரிக்கத் தொன் துணிக்கழிவில் 1 கோடியே 13 இலட்சம் தொன் நிலத்தில் புதைக்கப்பட்டதாக அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டுள்ளது.

வரலாறு

உடைகளை ஊரளவில் மாற்றிக்கொள்வது புதிய எண்ணம் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1941 சூன் 1 முதல் உடைகளுக்குப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வளரும் குழந்தைகளுக்குப் பங்கீட்டுச் சீட்டுகள் போதாமையால், மகளிர் தன்னார்வப் பணி அமைப்பு உடை மாற்று நிலையங்களை நடத்தியது. தாய்மார் கொணரும் சிற்றுடைகளுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. அப்புள்ளிகளைக் கொண்டு பெரிய அளவு உடைகளைப் பெறலாம். அன்று பரிமாற்றத்துக்குக் காரணம் பற்றாக்குறை. இன்று காரணம் மிகை.

ஐக்கிய அமெரிக்காவில் 2007-இல் சியாட்டில் பகுதியில் தொடங்கிய பசுமை ஹாலோவீன் என்னும் இயக்கம் இவ்வழக்கத்தைப் பரப்பியது. அவ்வியக்கமும் பிறரும் சேர்ந்து 2010 முதல் அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமையைத் தேசிய வேட உடைப் பரிமாற்ற நாளாக முன்னிறுத்தினர்.

நடைமுறை

நூலகம், பள்ளி, தேவாலயக் கூடம் போன்ற பொது இடங்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. துவைத்த உடைகள் சில நாட்களுக்கு முன்பே பெறப்பட்டு, கிழிசல் உள்ளனவா எனப் பார்க்கப்பட்டு, அளவு வாரியாகத் தொங்கவிடப்படுகின்றன. உடை கொடுத்தவர் ஒரு சீட்டைப் பெற்று, அதைக் காட்டி வேறோர் உடையை எடுத்துக்கொள்வார். இம்முறையில் கணக்கு எளிது. ஆயினும் கொடுக்க ஏதுமற்ற குடும்பங்கள் விடுபட்டுப் போகின்றன. பரிமாற்றம் மிகவும் தேவைப்படுவோர் இவர்களே என்பதால், சீட்டின்றி எவரும் எடுக்கலாம் என்னும் முறையே பொருத்தமானது எனலாம்.

சிறு குறைகள் கூட இங்குப் பெரிதாகின்றன. இறக்கையோ தொப்பியோ தொலைந்தால் முழு உடையும் பயனற்றுப் போவதால், துணைப்பொருட்கள் உடையோடு ஒரே பையில் கட்டப்படுகின்றன. உடையின் உட்புறச் சீட்டை நீக்குதல் கூடாது. எளிதில் தீப்பற்றுமா என்பது குறித்த எச்சரிக்கை அதில்தான் இருக்கும். நாளும் முக்கியம். அக்டோபர் இறுதியில் நடத்தினால், பலர் அதற்குள் புதிய உடையை வாங்கியிருப்பர்.

பயனும் வரம்பும்

கைமாறிய உடைகளின் எண்ணிக்கை கழிவுக் குறைப்பின் சரியான அளவுகோல் அன்று. வாங்கப்படாமல் போன புதிய உடைகளின் எண்ணிக்கையே அளவுகோல் ஆகும். எடுத்துக்காட்டாக, ஒரு நிகழ்வில் 40 உடைகள் கைமாறின எனக் கொள்வோம். அவற்றைப் பெற்றோருள் 15 பேர் எப்படியும் வீட்டிலிருந்த பழைய உடையையே அணிந்திருப்பர் எனில், தவிர்க்கப்பட்ட கொள்முதல் 25 மட்டுமே. அவ்வாண்டு வெளிவந்த திரைப்படத்தின் நாயகர் உடை பரிமாற்றத்தில் கிடைப்பது அரிது என்பதும், பெற்றோர் கடையை நாடுவதற்கு ஒரு காரணம்.

எஞ்சும் உடைகள் அடுத்த ஆண்டுக்காகச் சேமிக்கப்படுகின்றன. அல்லது பள்ளி நாடகக் குழுக்களுக்கும் தொண்டு நிறுவனக் கடைகளுக்கும் வழங்கப்படுகின்றன.